பதினான்காம் அத்தியாயத்தில் பிரிண்டர்

அந்த அலுவலகத்தில் ஆண்டு முடிந்ததும் எல்லோர் மேசைக்கும் ஒரு தாள் வரும். இந்த ஆண்டில் எத்தனை பக்கம் எழுதினீர்கள் என்று அதில் இருக்கும். ஒருவருக்கு நூற்றிருபது, இன்னொருவருக்கு எண்பது. அவளுடைய தாளில் மட்டும் எண்ணுக்கு முன்னால் ஒரு கழித்தல் குறி நிற்கும். போன ஆண்டு கழித்தல் முந்நூற்று நாற்பது.

"இவங்களை இன்னும் மூணு வருஷம் விட்டு வச்சா நம்ம எல்லாரையும் சேர்த்து அழிச்சிடுவாங்க" என்று பக்கத்து மேசைக்காரர் சொல்வார். எல்லோரும் சிரிப்பார்கள். அவளும் தலையைக் குனிந்துகொண்டு சிரிப்பாள். அங்கே அவளுக்குக் கத்தரி என்று பெயர். முகத்துக்கு நேராகவே கூப்பிடும் அளவுக்கு அது பழகிவிட்டது.

அந்த நிறுவனம் தயாரித்தது ஓர் இயங்குதளம். கணினியைத் திறந்ததும் முதலில் எழுந்து மற்ற எல்லாவற்றையும் எழுப்பிவிடும் மென்பொருள். சின்ன மருத்துவமனைகளும் பள்ளிகளும் கடைகளும் அதை வாங்கின. அதனோடு நான்கு தொகுதிகளாக ஒரு கையேடு உண்டு. ஒரு கணினியை இன்னொன்றோடு எப்படி இணைப்பது, தூரத்தில் இருக்கும் கணினிக்குள் எப்படி நுழைவது என்பதெல்லாம் மூன்றாவது தொகுதி. நெட்வொர்க் தொகுதி என்பார்கள். அதில் காலாவதியான பக்கங்களைக் கண்டுபிடித்து நீக்குவதுதான் அவள் வேலை.

வேலைக்கு வந்தபோது அவள் ஒன்பதாம் வகுப்பை முடிக்காத பெண். கையேடு அச்சில் வந்துகொண்டிருந்த காலம். தரைத்தளத்துக் கிடங்கில் நின்று, நான்கு தொகுதிகளையும் பெட்டியில் அடுக்கி நாடா ஒட்டுவாள். மதியம் மற்ற பெண்கள் பேசிக்கொண்டிருக்கும்போது, பேச வராத இவள் பெட்டியிலிருந்து ஒரு தொகுதியை எடுத்து வைத்துக்கொள்வாள். பாதி புரியாது. ஆனால் நாற்பதாம் பக்கம் 'எண்பத்தெட்டாம் பக்கம் காண்க' என்று சொன்னால், எண்பத்தெட்டைத் திருப்பிப் பார்க்காமல் அவளால் இருக்க முடியாது. அப்படிப் பார்த்த ஒரு நாள் எண்பத்தெட்டாம் பக்கம் வெறும் வெள்ளையாக இருந்தது. ஒரு துண்டுச் சீட்டில் அதை எழுதி, புத்தகத்துக்குள் செருகி, மாடிக்கு அனுப்பினாள். மூன்று மாதத்தில் அப்படிப் பதினேழு சீட்டு. பதினெட்டாவது சீட்டுக்குக் கையேட்டுப் பிரிவின் தலைவரே கீழே இறங்கி வந்தார். "சீட்டு எழுதினது யாரு?" என்று கேட்டார். அவள் நாடாச் சுருளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பக்கத்திலிருந்தவள்தான் கையைக் காட்டினாள்.

அந்தத் தலைவர் ஓய்வு பெற்றுப் போய்ப் பல ஆண்டுகள் ஆகின்றன. போகும்போது பிரிவின் விதிகளை ஒரு தாளில் அடித்து, அலமாரிக் கதவின் உட்புறம் ஒட்டிவிட்டுப் போனார். அதில் நான்காவது விதி அவளுக்கு மனப்பாடம்: 'எதை நீக்கினாலும் இரண்டு கையெழுத்து வேண்டும். ஒன்று நீக்கும் பொறுப்பில் இருப்பவருடையது, மற்றது எழுதியவருடையது. எழுதியவர் இல்லையென்றால் பிரிவுத் தலைவருடையது. நீக்கியதன் உண்மையான காரணம் வாசகருக்குத் தெரியும்படி எழுதப்பட வேண்டும்.' கையேடு இணையத்துக்குப் போய்விட்டது. கையெழுத்து என்பது ஒரு பொத்தானாகிவிட்டது. விதி மட்டும் அப்படியே இருந்தது.

நீக்கும் பொறுப்பு அவளுடையது. அவளுடைய முறையும் தனி. மேசையில் இரண்டு கணினி இருக்கும். பக்கத்தை அச்செடுத்து, ஒவ்வொரு வரிக்கும் கீழே அடிக்கோலை வைத்து, அந்த வரி சொல்வதை மட்டும் செய்வாள். சொல்லாததைச் செய்ய மாட்டாள். 'இயந்திரத்தை அணைக்கவும்' என்று எழுதி, 'மீண்டும் திறக்கவும்' என்று எழுத மறந்திருந்தால், அணைந்த இயந்திரத்தின் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். பொறியாளர்களால் அது முடியாது. மூளை கேட்காமலே அவர்கள் கை தானாகப் போய் விடுபட்டதைச் செய்துவிடும். அவளுக்கு அந்தக் கை இல்லை. படிக்கிறவர்களுக்கும் இல்லை. தொலைபேசிக் கம்பி வழியாக இணைக்கும் பழைய முறை, விற்பனையே நின்றுபோன கேபிள்கள், உள்ளே நுழைகிறவரின் கடவுச்சொல்லை அப்படியே திறந்த அஞ்சலட்டை போல அனுப்பும் கட்டளைகள் என்று எத்தனையோ அவள் அடிக்கோலுக்குக் கீழே வந்து விழுந்திருக்கின்றன.

ஆறாம் அத்தியாயம் மட்டும் விழவில்லை. அது தாடியின் அத்தியாயம்.

தாடி என்றால் தலைமைப் பொறியாளர். நெட்வொர்க் பகுதியை உருவாக்கியவரே அவர்தான். தூரத்துக் கணினிக்குள் நுழைவது எப்படி என்ற அத்தியாயத்தை இருபது ஆண்டுக்கு முன்னால் தன் கையால் எழுதினார். "ஆறை நான் பார்த்துக்கறேன், அதுல யாரும் மூக்கை நுழைக்க வேண்டாம்" என்று ஒரு முறை சொன்னார். அதன்பின் அவளுக்கு வரும் பட்டியலில் ஆறு வந்ததே இல்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் அவளுடைய அக்கா போன் செய்தாள். வேலை நேரத்தில் கூப்பிடுகிறவள் இல்லை. அக்கா ஒரு கண் மருத்துவமனையில் வரவேற்பு மேசையில் பத்தொன்பது ஆண்டாக இருக்கிறாள். வேறு யாருக்கும் தெரியாததால் அங்கே கணினியைப் பார்த்துக்கொள்வதும் அவள்தான்.

"ஏன்டி, உங்க புத்தகத்தைப் பார்த்துத்தானே எல்லாம் பண்ணேன்?"

"என்னக்கா ஆச்சு?"

"மூணு மாசத்து அப்பாயின்ட்மென்ட் மொத்தமும் போச்சுடி. எவனோ வெளியிலேருந்து உள்ள வந்து அழிச்சிட்டுப் போயிருக்கான். ஆபரேஷனுக்கு நாள் குறிச்சவங்க எல்லாம் வாசல்ல வந்து நிக்கறாங்க. டாக்டர் ஆள் கூட்டிட்டு வந்து காட்டினாரு. நான் ஃபயர்வாலை நிறுத்தி வச்சுட்டேனாம். நாலு மாசமா கதவு தொறந்தே கிடந்துதாம். வெள்ளிக்கிழமை விசாரணை. எழுதிக் கொடுக்கணுமாம். 'எந்தப் புத்தகத்துலயாவது கதவைத் தொறந்து வைன்னு எழுதியிருக்குமா?'ன்னு எல்லார் முன்னாடியும் கேட்டுட்டாரு."

ஃபயர்வால் என்பது வெளியிலிருந்து வருவதையெல்லாம் வாசலிலேயே நிறுத்தி விசாரிக்கும் தடுப்பு. அதை யாரும் சும்மா நிறுத்த மாட்டார்கள்.

"எந்தப் பக்கம்க்கா பார்த்த?"

"அதான் டாக்டர் எங்க இன்னொரு கிளையிலேருந்தே இங்க இருக்கற லிஸ்டைப் பார்க்கணும்னாரே, அதுக்கு. ஆறாவது. பதினோராவது படியில நிறுத்தச் சொல்லியிருக்கு. பதினாலாவது அத்தியாயத்துல திரும்பப் போடலாம்னு போட்டிருக்கு. நான் பதினாலுக்கும் போனேன்டி. அதுல பிரிண்டரைப் பத்தி இருந்துது. சரி, இதுதான் போலன்னு அதையும் வரி விடாம பண்ணேன்." அக்கா மூக்கை உறிஞ்சினாள். "பிரிண்டர் நல்லாத்தான் வேலை செய்யுது."

பதினான்காம் அத்தியாயத்தில் பிரிண்டர் வந்தது எப்படி என்று அவளுக்குத் தெரியும். முன்பு பதினான்கில் இருந்தது ஃபயர்வால். எட்டு ஆண்டுக்கு முன்னால் புது ஃபயர்வால் வந்தபோது அது வேறு தொகுதிக்குப் போய்விட்டது. பழைய பதினான்கு நீக்கப்பட்டது. பின்னால் இருந்தவை ஒவ்வொன்றாக ஓர் எண் முன்னால் நகர்ந்தன. பதினைந்தாக இருந்த பிரிண்டர் பதினான்கானது. நீக்கியது அவள்.

அந்த நாள் அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. பதினான்கைச் சுட்டும் வரி வேறு எங்கேனும் இருக்கிறதா என்று தன் பட்டியலில் இருந்த எல்லா அத்தியாயங்களிலும் தேடினாள். ஆறு அதில் இல்லை. தாடியிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று அவர் அறை வாசல் வரை போனாள். அவர் யாருடனோ போனில் பேசிச் சத்தமாகச் சிரித்துக்கொண்டிருந்தார். கதவருகே கொஞ்ச நேரம் நின்றாள். அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. திரும்பி வந்துவிட்டாள். பதினான்கை எழுதியவர் வேலையை விட்டுப் போயிருந்ததால் இரண்டாவது கையெழுத்தைப் பிரிவுத் தலைவர் போட்டுவிட்டார். வாய் திறக்கக் கூச்சப்பட்டுத் திரும்பி நடந்த பத்தடி, இன்று அக்காவின் மேசையில் வந்து நின்றது.

"அக்கா, நீ தப்பு பண்ணல" என்றாள்.

"நீ சொன்னா ஆச்சா? நீ என் தங்கச்சி. டாக்டருக்கு உங்க கம்பெனி சொல்லணும்."

மறுநாள் காலை அவள், இப்போது பிரிவுத் தலைவராக இருக்கும் மேலாளர் முன்னால் நின்றாள். நடந்ததை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போயிருந்தாள். பேச வேண்டியிருக்காது என்ற நம்பிக்கையில். மேலாளர் படித்தார். கெட்டவர் இல்லை. பயந்தவர்.

"சரிம்மா, பெரிய விஷயம் ஒண்ணும் இல்ல. பதினோராவது படியில அந்த ஒரு வரியை எடுத்துடுங்க. காரணம்னு கேக்கற இடத்துல 'எழுத்துப்பிழை திருத்தம்'னு போட்டுடுங்க. முடிஞ்சுது."

"எழுத்துப்பிழை இல்ல சார்."

"தெரியும். உண்மையைப் போட்டா என்ன ஆகும்னு யோசிச்சீங்களா? நாளைக்கு நஷ்டஈடு கேட்டு வரிசையா வந்து நிப்பாங்க. நாமளே நம்ம கழுத்துல கயிறு மாட்டிக்கணுமா?"

"ஆறே முழுசா போகணும் சார். அதுல இருக்கற கட்டளை கடவுச்சொல்லை அப்படியே வெளியில அனுப்புது. இப்ப யாரும் அதைப் பயன்படுத்தக் கூடாது."

"அது தாடி... அவரோட அத்தியாயம். அவர் கையெழுத்து போட மாட்டார்." மேலாளர் தாளை மடித்தார். பிறகு கொஞ்சம் தயங்கிக் கேட்டார். "மருத்துவமனையில இருக்கறது உங்க அக்காவாமே?"

"ஆமா சார்."

"அப்ப வெளியில பார்க்கறவங்க என்ன நினைப்பாங்க?"

அவள் மடித்த தாளை வாங்கிக்கொண்டு வெளியே வந்தாள். மேலாளருக்கு அது சம்மதமாகத் தெரிந்திருக்கும். அவளை அறிந்தவர்கள் எல்லோரும் அதே தவறைத்தான் செய்வார்கள்.

வீட்டில் அவள் கணவர் மறுநாள் வேலைக்குச் சட்டையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். நகரப் பேருந்து ஓட்டுநர். அவர் முழுக்கதையையும் கேட்டுவிட்டு, இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார்.

"எங்க டிப்போல ரூட் மாறிச்சுன்னா முதல் வேலையா பழைய போர்டைக் கழட்டுவாங்க. கழட்டாம விட்டா ஜனங்க நம்பி ஏறிடும். ஏறினவங்களைத் திட்டி என்ன பிரயோஜனம்?"

"போர்டைக் கழட்டாதது நான்தாங்க."

"அப்ப நீயே போய்க் கழட்டு" என்றார். "வேலை போச்சுன்னா?" என்று அவள் கேட்டாள். "போனா என்ன, உனக்குப் பெட்டி ஒட்டத் தெரியுமே" என்றார். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

வியாழக்கிழமை பத்தரை மணிக்கு அவள் தாடியின் அறைக்குப் போனாள். இந்த முறையும் அவர் போனில்தான் இருந்தார். இந்த முறையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. அவள் கதவைத் தட்டவில்லை. உள்ளே போய், அவர் மேசைக்கு எதிரில் நின்று, போனை வைக்கும் வரை நின்றுகொண்டே இருந்தாள். அவர் பேச்சைச் சுருக்கிவிட்டு வைத்தார்.

"என்னம்மா கத்தரி? என் அறைக்குள்ள எல்லாம் வர ஆரம்பிச்சுட்ட?"

"சார், ஒரு அரை மணி நேரம் என் மேசைக்கு வரணும்."

"எதுக்கு?"

"ஆறாவது அத்தியாயத்தைப் பண்ணிப் பார்க்க."

"நான் எழுதினதும்மா அது. கண்ணைக் கட்டிட்டுப் பண்ணுவேன்."

"கண்ணைத் தொறந்து பண்ணணும் சார். வரியைப் பார்த்து."

அவளிடமிருந்து அத்தனை சொற்கள் தொடர்ந்து வந்து அவர் கேட்டதில்லை. அந்த வியப்பிலேயே எழுந்து வந்துவிட்டார். அவரைத் தன் நாற்காலியில் உட்கார வைத்தாள். அச்செடுத்த பக்கத்தை வைத்து, முதல் வரிக்குக் கீழே அடிக்கோலை வைத்தாள். சுற்றி இருந்தவர்கள் வேலை செய்வதுபோல் பாவனை செய்துகொண்டு காதைத் தீட்டிக்கொண்டார்கள்.

இரண்டாவது வரியிலேயே அவர் கை ஓடியது. "சார், அதைப் பக்கம் சொல்லல" என்றாள்.

"அது எல்லாருக்கும் தெரியும்மா."

"பக்கம் சொல்லல."

அவர் முனகிக்கொண்டே அழித்தார். ஐந்து, ஆறு, ஏழு என்று படிகள் போயின. பதினோராவது படியில் வாய்விட்டுப் படித்தார். "'இப்போதைக்கு ஃபயர்வாலை நிறுத்தி வைக்கவும். பதினான்காம் அத்தியாயத்தில் மீண்டும் இயக்குவோம்.' ஆமா, நிறுத்தியாச்சு." பன்னிரண்டாவது படி தூரத்துக் கணினிக்குள் நுழைந்து பார்க்கச் சொன்னது. ஒரு கடவுச்சொல்லைத் தட்டினார். அது அவர் திரையில் வெறும் புள்ளிகளாகத்தான் தெரிந்தது.

அவள் பக்கத்தில் இருந்த இரண்டாவது கணினியை அவர் பக்கம் மெல்லத் திருப்பினாள். போய்வருவதை எல்லாம் அது ஒட்டுக்கேட்டுக்கொண்டிருந்தது. அதன் திரையின் நடுவில், பெரிய எழுத்தில், ஒரு புள்ளிகூட இல்லாமல் இருந்தது: யார்கிட்டயும்சொல்லாதே.

பக்கத்து மேசைக்காரர் அடக்க முடியாமல் சிரித்துவிட்டார். தாடி திரும்பி முறைத்தார். முறைப்பு பாதியிலேயே நின்றது.

"சரி. ஃபயர்வாலைத் திரும்பப் போடறேன்."

"பதினாலாவது அத்தியாயத்துல சார்."

அவர் பதினான்கைத் திறந்தார். பிரிண்டர். மேலே போனார், கீழே போனார். "இங்க இருந்துச்சே!"

"இருந்துச்சு. எட்டு வருஷத்துக்கு முன்னாடி நான் எடுத்தேன். ஆறு என் பட்டியல்ல வராது. உங்களைக் கேக்க வாசல் வரைக்கும் வந்தேன். நீங்க போன்ல இருந்தீங்க. கேக்காமலே திரும்பிட்டேன். தப்பு என்னுது." அவள் அதோடு நிறுத்தவில்லை. "எங்க அக்கா இந்தப் பிரிண்டர் வரைக்கும் வரி விடாம பண்ணியிருக்கா. நாளைக்கு அவளை வெளியில அனுப்பப் போறாங்க."

தாடி தன் தாடியைத் தடவிக்கொண்டே திரையைப் பார்த்தார்.

"உங்க அக்கா சொன்னதால நமக்குத் தெரிஞ்சுது" என்றார். "சொல்லாம எத்தனை பேர் பிரிண்டரோட நின்னுட்டாங்களோ. பொத்தான் எங்கம்மா?"

"முதல்ல காரணத்தைப் படிங்க சார்."

முந்தின நாளே எழுதி வைத்திருந்தாள். எட்டு முறை எழுதி எட்டு முறை சுருக்கியது.

'ஆறாம் அத்தியாயம் நீக்கப்பட்டது. இதன் பதினோராவது படி ஃபயர்வாலை நிறுத்தச் சொல்கிறது. அதை மீண்டும் இயக்கும் வழி இருந்த பதினான்காம் அத்தியாயம் எட்டு ஆண்டுகளுக்கு முன் நீக்கப்பட்டுவிட்டது. அதை நீக்கியவரும் இதை நீக்குபவரும் ஒருவரே; அவர் அப்போது ஆறாம் அத்தியாயத்தைச் சரிபார்க்கவில்லை. இந்த அத்தியாயத்தில் உள்ள கட்டளை கடவுச்சொல்லையும் பாதுகாப்பதில்லை. இதன்படி செய்தவர்கள் ஃபயர்வாலை உடனே இயக்க வேண்டும். வழி பாதுகாப்புத் தொகுதியின் இரண்டாம் அத்தியாயத்தில் உள்ளது. இதைப் படித்து, படித்தபடி செய்தவர்கள் மீது தவறு இல்லை.'

"கடைசி வரி மேலாளருக்குப் பிடிக்காது" என்றார் தாடி.

"அந்த வரிக்காகத்தான் சார் மத்த வரி எல்லாம்."

அவர் அழுத்தினார். அவள் அழுத்தினாள். நாற்பத்திரண்டு பக்கம் போய்விட்டது.

மறுநாள் மதியம் அக்கா பேசினாள். பின்னணியில் நோயாளிகளின் பெயர்களை யாரோ கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். "பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன்டி. டாக்டர் ரெண்டு தரம் படிச்சாரு. கடைசி வரியை மட்டும் மூணாவது தரமும் படிச்சாரு. அப்புறம் கீழ இருந்த பேரைக் காட்டி, 'இதையும் இவங்கதான் நீக்கியிருக்காங்க, அந்த எட்டு வருஷத்துக்கு முந்தினதையும் இவங்கதான் நீக்கியிருக்காங்க. தன் தப்பைத் தானே எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்காங்களே, யாரு இவங்க?'ன்னு கேட்டாரு."

"தங்கச்சின்னு சொன்னியா?"

"கேட்டாரு, சொன்னேன். மறைப்பேனா?"

"என்ன சொன்னாரு?"

"'அப்படியா'ன்னாரு. அப்புறம், 'போய் உங்க மேசையைப் பாருங்க'ன்னாரு. பார்த்துட்டுத்தான் இருக்கேன். போனை வை, வரிசை நிக்குது."

அவள் போனை வைக்கும் முன்பே மேலாளர் வந்து நின்றார். கையில் ஒரு தாள் இருந்தது. விளக்கம் கேட்டு மேலிடத்திலிருந்து வந்த கடிதம். அனுமதி இல்லாமல் நிறுவனத்தின் குறையை வெளியிட்டது ஏன் என்று கேட்டிருந்தார்கள். காலையிலிருந்து உதவி மையத்துக்கு முப்பத்தொரு அழைப்பு வந்திருந்ததாம். இருபத்தாறு பேர் நன்றி சொல்லிவிட்டு, ஃபயர்வாலை இயக்குவது எப்படி என்று கேட்டார்களாம். மேலாளர் அதைச் சொல்ல விரும்பவில்லை. ஆனாலும் சொன்னார்.

அவள் கடிதத்தின் அடியில் ஒரே வரி எழுதினாள்: 'நான்காவது விதி.' எழுந்து போய் அலமாரிக் கதவைத் திறந்து வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். ஒட்டியிருந்த தாள் மஞ்சளாகி, ஒரு மூலை சுருண்டிருந்தது.

மேலாளர் போய்ப் படித்தார். "இதெல்லாம் எந்தக் காலத்து விதிம்மா! அச்சுப் புத்தகம் போட்ட காலம். பழசு. இதைத்தான் முதல்ல எடுக்கணும்."

"எடுக்கலாம் சார்" என்றாள் அவள். பிரிவு முழுதும் கேட்கும்படியாகத்தான் சொன்னாள். "எடுக்க ரெண்டு கையெழுத்து வேணும். எழுதினவர் இப்ப இல்ல, அதனால ஒண்ணு உங்களுது. இன்னொண்ணு என்னுது."

அடிக்கோலை எடுத்து ஏழாம் அத்தியாயத்தின் முதல் வரிக்குக் கீழே வைத்தாள்.

"நான் போட மாட்டேன்."